ஸ்பிரிங்கர் சொன்ன ஒன்பது பவுண்

ஒரு ஸ்பிரிங்கினால் கல்யாணம் நின்றுபோன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த பாக்கியசாலி நான். கட்டில் ஸ்பிரிங், கடிகார ஸ்பிரிங் என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி ஸ்பிரிங்! சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதுதான் மெல்பர்னில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையையும் ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை. மதுரையிலிருந்து போய் இறங்கிய நான், டாண்டினாங் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்வேலில் ஒரு பாதி வீடு காலி என்றார்கள். மற்றப் பாதியில் இருந்தவர்தான் ஸ்பிரிங்கர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது, ஒல்லி, கழுத்துவரை பொத்தான் போட்டவர். அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதினால் அவருக்கே யாரென்று தெரியாது. யாழ்ப்பாணத்தார் எதன் பின்னாலும் ஒரு 'அர்' ஒட்டிவிட்டால் அது பட்டமாகிவிடும். டாக்குத்தர், மனேச்சர், ஸ்பிரிங்கர். பெயர் பொருத்தத்துக்காகத்தான் ஸ்பிரிங்வேலில் வீடு பிடித்தார் என்று ஊரே நம்பியது. "இல்லை ஐசே, வாடகை மலிவு" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலையில் ஏன் அடித்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வேலை, ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில். வாரம் முழுக்க யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடுவார். சனிக்கிழமை ஆனால் துப்பாக்கியை எடுப்பார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முறைப்படி லைசென்ஸ் வாங்கி, முறைப்படி கிளப்பில் சேர்ந்து, அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடுகிற சாது. எறும்பு மேல் கால் பட்டால்கூட "சொறி" சொல்லி மன்னிப்புக் கேட்கிற ரகம்.

இவர் உயிர் சுடுவதில் இல்லை, அந்த ஸ்பிரிங்கில்! முதல் சனிக்கிழமையே என்னை மைதானத்துக்கு இழுத்துப் போய்ப் பாடம் எடுத்தார். சுடும்போது பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே வீசிவிட்டு முன்னால் வரவேண்டுமாம். அப்படி முன்னால் தள்ளுவது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். அதை அமுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டுமோ அதுதான் அதன் கணக்கு. பிஸ்டலோடு வந்தது பதினாறு. ஆனால் போட்டிக்காரர்கள் கை அதிராமல் இருக்க வெடிமருந்து குறைத்த தோட்டா போடுவார்கள். அதற்குப் பதினாறு முரடு. மேல்பாகம் பாதி வழியில் திரும்பிவிடும். காலித் தோட்டா வாசலில் மாட்டிக்கொண்டு நட்டுக்க நிற்கும். சரி, ஸ்பிரிங்கை லேசாக்கினால்? மேல்பாகம் பின்னால் போய் மடேர் என்று இடிக்கும். காலித் தோட்டா பக்கத்து ஊருக்குப் போகும்.

"கோது எங்க விழுகுது எண்டு பாரும் ஐசே. கோதுதான் சாட்சி" என்பார். காலித் தோட்டா அவர் பாஷையில் கோது. ஒரு எட்டுத் தள்ளி, ஒரே குவியலாக விழவேண்டும் என்பது அவர் வாழ்க்கை லட்சியம். நான் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை விரித்துக்கொண்டு பந்து பிடிக்கிறவன் மாதிரி நிற்பேன். ஒரு தரம் மிக லேசான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டுச் சுட்டார். கோது என்னையும் தாண்டி, விரிப்பையும் தாண்டி, பக்கத்தில் குறிபார்த்துக்கொண்டிருந்த கீத் என்கிற குழாய் ரிப்பேர்க்காரரின் சட்டைக் காலருக்குள் சுடச்சுட இறங்கியது. ஆறடி மனிதர் ஆடிய ஆட்டத்தை எந்தக் கோயில் திருவிழாவிலும் நான் பார்த்ததில்லை. ஸ்பிரிங்கர் ஓடினார். கீத்துக்கு உதவத்தான் என்று நினைத்தேன். "அசையாதை கீத், தூரம் அளக்க வேணும்!" என்று டேப்பை எடுத்தார். அவசரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார். கீத்தும் பயத்தில் அசையாமல் நின்றார்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? கொசுவலைக் கதவின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார். அன்றிலிருந்து அந்தக் கதவு ஆள் உள்ளே போகும்வரை காத்திருக்காது; முதுகில் ஒரு அறை விட்டு உள்ளே அனுப்பும். ரொட்டி சுடுகிற டோஸ்டரில் ஸ்பிரிங் "சோம்பேறி" என்று தீர்மானித்து வேறொன்று வைத்தார். மறுநாள் காலை என் ரொட்டி மேலே போனது போனதுதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து குச்சி விட்டு எடுத்தோம். "ஒரு பவுண்டு குறைக்கோணும்" என்று ரொட்டி விழுந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார். அவரிடமிருந்து தப்பியது தோசைக்கல் மட்டும்தான், அதில் ஸ்பிரிங் கிடையாது.

இப்போது ராணி.

செல்வராணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். முப்பது வயது, அதிகம் பேசாது, பேசினால் எதிராளி அதிகம் பேசமுடியாது. தன் சின்னம்மாவான புவனா அன்ரியோடு நோபிள் பார்க்கில் குடியிருந்தது. அப்போது இங்கே கோயில் கிடையாது, தமிழ்ச் சங்கம் கிடையாது; புவனா அன்ரி இருந்தார். அன்ரி வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் கூடுவோம். அங்கேதான் ராணி ஒரு நாள் ஸ்பிரிங்கரிடம், "ஏன் உங்களுக்கு ஸ்பிரிங்கில இவ்வளவு விருப்பம்?" என்று கேட்டது. யாரும் அவரைக் கேட்டிராத கேள்வி. மற்றவர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிற மனிதர், தட்டில் இருந்த வடைகளை ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்தார். காரில் திரும்பும்போது, "ஐசே, நான் கட்டினால் அவவைத்தான் கட்டுவன்" என்றார்.

துப்பாக்கி விஷயம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. "கல்யாணம் முடியிற வரைக்கும் மூச்சு விடாதீங்கண்ணே, பொண்ணு வீட்ல மிரண்டுருவாங்க" என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். ஆகையால் அவர் மெத்தை ரிப்பேர் செய்கிறார் என்று பொதுவாக நம்பினார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. எடை சொல்லும்போது ஸ்பிரிங்கர் பவுண்டை ஊர் வழக்கப்படி 'இறாத்தல்' என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். இலங்கையில் இறாத்தல் என்றால் எல்லோருக்கும் பாண், அதாவது பேக்கரி ரொட்டிதான் ஞாபகம் வரும். ஒரு கூட்டத்தில் அவர் என்னிடம், "பதினாறு இறாத்தல் கூடிப்போச்சு, பதினொண்டு எடுப்பிக்க வேணும்" என்று சொல்ல, அன்ரி காதில் விழுந்துவிட்டது.

"பதினொரு இறாத்தல் பாணோ? தனி ஆளுக்கோ?"

ராணிகூடச் சிரித்துவிட்டது. ஸ்பிரிங்கர் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. அன்றோடு இறாத்தலைத் தலைமுழுகிவிட்டு, 'பவுண்' என்று சொல்ல ஆரம்பித்தார். விதி எந்த வழியாக வருகிறது பார்த்தீர்களா? யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் பவுண் என்றால் தங்கம். தங்கம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் போடுகிற தாலிக்கொடி. கொடி எத்தனை பவுண் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் மானமே ஊசலாடும்.

நான் தூது போய், அன்ரி யோசித்து, ஊரில் தகப்பனாரிடம் சம்மதம் வாங்கி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரியும் ராணியும் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார்கள். பேசி முடிப்பதற்குத்தான். முன்னறையில் அவர்களை உட்காரவைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தால், ஸ்பிரிங்கர் தேயிலை என்று நினைத்து மிளகைக் கொட்டிக்கொண்டிருந்தார். பதற்றம் வந்தால் மனிதருக்கு ஸ்பிரிங் பேசாமல் இருக்கமுடியாது. அந்த வாரம்தான் அமெரிக்காவிலிருந்து புது ஸ்பிரிங்குகள் வந்திருந்தன, வருகிற சனிக்கிழமை கிளப்பில் வருடாந்தப் போட்டி வேறு. அவர் ஆறுதலுக்காகப் பேசுகிறார், பேசட்டும் என்று நானும் ஈடு கொடுத்தேன்.

"பதினாறு பவுண் எண்டுறது சும்மா விசர்க்கதை ஐசே. ஆருக்குத் தேவை அவ்வளவு பாரம்?"

"பதிமூணு போடலாமேண்ணே."

"பதின்மூண்டும் கூட. நான் ஒன்பதோட நிப்பாட்டப் போறன்."

"ஒன்பதா! ரொம்ப லேசாச்சே. அறுந்துட்டா?"

"அறுந்தா வேற ஒண்டு. எத்தினையைக் கழட்டி மாத்திப் போட்டன்! ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தத்தானே வேணும்."

"கழட்டினதை என்ன பண்ணுவீங்க?"

"கீத்துக்குக் குடுத்திடுவன். அவன்ரை பழசுக்கு அது காணும்." பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பிஸ்டலை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "எண்டாலும் ஐசே, முப்பது வருசப் பழசெல்லே. வெளியால பார்க்க வடிவுதான். உள்ளுக்குத் தேய்மானம். மெல்லமாத்தான் பாவிக்க வேணும்."

முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு கொசுவலைக் கதவின் அறை. தட்டோடு நாங்கள் போய்ப் பார்த்தபோது அறை காலி. கதவு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அன்ரி எங்க போட்டா?" என்றார் ஸ்பிரிங்கர், நான்கு கோப்பையையும் ஏந்திக்கொண்டு.

மறுநாள் மாலை நான் தொழிற்சாலை ஃபோனிலிருந்து அன்ரியைக் கூப்பிட்டேன். "தம்பி, உங்கட சிநேகிதரிட்டச் சொல்லுங்கோ, எங்கட பிள்ளை ஒண்டும் பழைய சாமான் இல்லை" என்று ஆரம்பித்தார். "ஒன்பது பவுண் கொடி! அதுவும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்துவாராம்! ஆர் தம்பி அந்தக் கீத்து? அவளுக்கு எத்தினை கொடி குடுத்திருக்கிறார்?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தபடியே, "அன்ரி, அது கொடியே இல்ல, துப்பாக்கி!" என்று கத்தினேன்.

"என்னது? துவக்கோ! ஒன்பது பவுணுக்கு ஒத்துக்கொள்ளாட்டில் துவக்கைக் காட்டப் போறாரோ?"

படக்கென்று ஃபோனை வைத்துவிட்டார். இரவுக்குள் எல்லா வீட்டுக்கும் சேதி போய்விட்டது. ஸ்பிரிங்கருக்கு ஒரு வெள்ளைக்காரிக் குடும்பம் இருப்பதாகவும், அவளுக்குக் கொடி கொடுத்தே ஓட்டாண்டி ஆனதாகவும் இரண்டாம் நாள் எனக்கே ஒருவர் ரகசியம் சொன்னார். சிட்னியிலிருந்து ஒரு பல் டாக்டர் மாப்பிள்ளை சனிக்கிழமை மத்தியானம் ராணியைப் பார்க்க வருகிறார் என்ற சேதியும் கூடவே வந்தது.

விஷயத்தைச் சொன்னபோது ஸ்பிரிங்கர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. குசினி நாற்காலியில் உட்கார்ந்து, "தேய்மானம் எண்டதையும் அவ கேட்டவவோ?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் அந்த வீட்டில் ஸ்பிரிங் என்ற சொல்லே கேட்கவில்லை. டோஸ்டரில் என் ரொட்டி உத்தரத்தைத் தொட்டுத் திரும்பியது. அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இந்த மனிதரைப் பைத்தியமாகவே பார்த்துப் பழகிவிட்டேன், தெளிந்து உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

சனிக்கிழமை காலை போட்டிக்குக் கிளம்பாமல் கீத்துக்கு ஃபோன் செய்து வரவில்லை என்றார். யார் செத்துப்போனது என்று கீத் பதறியது எனக்கே கேட்டது. ஒரு வருடமாக அந்தப் போட்டிக்காகக் கோது பொறுக்கியவர்கள் நாங்கள்! ரிசீவரை வைத்துவிட்டு, குளியலறையில் இருந்த எடை பார்க்கும் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அரசாங்கம் நாட்டையே கிலோவுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். எங்கள் மெஷின் நல்லவேளையாகப் பவுண்டிலேயே இருந்தது.

"வாரும் ஐசே. பல் டாக்குத்தர் வாறதுக்கு முன்னம் போகோணும்."

அன்ரி வீட்டுக் கதவு ஒரு கண் அளவுக்குத் திறந்தது. "கையை மேல தூக்குங்கோ!" என்றார் அன்ரி. ஸ்பிரிங்கர் சொன்ன சொல் தட்டாதவர், உடனே தூக்கினார். கக்கத்திலிருந்த மெஷின் என் காலில் விழுந்தது. நான் ஒற்றைக் காலில் குதித்த குதியைப் பார்த்துத்தான் அன்ரிக்கு எங்களிடம் ஆயுதம் இல்லை என்று நம்பிக்கை வந்திருக்கவேண்டும்.

சாப்பாட்டு மேசையில் மெஷினை வைத்து, பதினாறு பவுண்டு ஸ்பிரிங்கை அதன்மேல் நிமிர்த்தி, உள்ளே ஒரு பென்சிலைச் செருகினார். அமுக்குவதற்கு அன்ரியின் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல்கட்டை. பென்சில் நூல்கட்டையின் ஓட்டை வழியாகத் தலை நீட்டியது. குசினி வாசலில் ராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

"அன்ரி, நீங்களே அமத்திப் பாருங்கோ. முழுக்க அமத்தினா பதினாறு காட்டும். இதுதான் நான் சொன்ன பவுண். கொடி இல்லை. ஆணையாக் கொடி இல்லை!"

அன்ரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அமுக்கினார். முள் ஐந்துக்குப் போனது, பத்துக்குப் போனது. "ஓம், ஏறுது, ஏறுது" என்று அன்ரிக்கே உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் ஒரு அமுக்கு. நூல்கட்டை வழுக்கியது. ட்டொய்ங்! ஸ்பிரிங் உத்தரத்தில் மோதி, விளக்குக் கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கேயோ போய்விட்டது. பென்சில் கிடைத்தது, நூல்கட்டை கிடைத்தது, ஸ்பிரிங்கைக் காணோம். ஸ்பிரிங்கர் பழக்க தோஷத்தில் டேப்பை எடுத்துவிட்டார். மேசைக்கடியில் நானும் அவரும் நாலு காலில் தேடிக்கொண்டிருந்தபோது ராணி வந்தது. அன்ரியின் பின்னால் நின்று, தையல் பிரிக்கிற நர்ஸின் கவனத்தோடு, அவர் கொண்டைக்குள்ளிருந்து ஸ்பிரிங்கை உருவி எடுத்தது.

எடுத்ததும் சிரித்தது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தது.

"அப்ப முப்பது வருசப் பழசு எண்டது?"

"பிஸ்டல்" என்றார் ஸ்பிரிங்கர், தரையிலிருந்து எழாமலேயே.

"தேய்மானம்?"

"பிஸ்டல்."

"கீத்து?"

"குழாய் ரிப்பேர். ஆம்பிளை."

"வடிவு எண்டது?"

"அதுவும் பிஸ்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நீங்களும்" என்றார்.

ராணி ஸ்பிரிங்கை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனது. நாங்கள் எழுந்து மேசை முன்னால் உட்கார்ந்ததும், அன்ரி கொண்டையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தார்: "எல்லாம் சரி, கொடி எத்தனை பவுண்?"

"நீங்கள் சொல்லுங்கோ அன்ரி."

"பதினொண்டு."

"அதுதான் எனக்கும் சரியாப் படுது. ஒன்பது லேசு, பதின்மூண்டில மாட்டுப்படும்" என்றார் ஸ்பிரிங்கர், அவரையறியாமல். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

பல் டாக்டர் மத்தியானம் வந்தார், தேநீர் குடித்தார், அன்ரியின் கடைவாய்ப் பல்லுக்கு நல்ல யோசனை சொல்லிவிட்டுச் சிட்னிக்குத் திரும்பினார். போட்டியில் கீத் ஜெயித்தார். இரண்டு மாதம் கழித்துச் சாரணர் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கல்யாணம் நடந்தது. கிளப் ஆட்கள் எல்லோரும் கோட்டு சூட்டோடு வந்து வாழையிலைக்கு எதிரே கத்தி முள்ளைத் தேடினார்கள்.

புது ஜோடி வீட்டில் நமக்கென்ன வேலை? வேறு அறை பார்க்க ஆரம்பித்துவிட்டேன், பெட்டியைக்கூடக் கட்டியாகிவிட்டது. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் இருவரும் தனியாகச் சாப்பிடட்டும் என்று காலையிலேயே நழுவி, கடற்கரைக்குப் போய், ஒரு பொட்டலம் மீன் வறுவலும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் மூக்குமுட்டத் தின்றுவிட்டுச் சாயங்காலமாகத் திரும்பினேன். குசினியில் மூன்று தட்டு வைத்திருந்தது. மூன்றும் சுத்தமாக இருந்தன. இரண்டு பேரும் பசியில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க ஐசே போட்டு வாறீர்? எவ்வளவு நேரமாப் பார்த்துக்கொண்டு இருக்கிறம்" என்று ஸ்பிரிங்கர் கோபித்தார்.

"நீங்கள் வராமல் இவர் தொடமாட்டாராம்" என்றது ராணி. "இருங்கோ, சோறு ஆறிப்போச்சு, சூடாக்கிறன்."

தொண்டை வரைக்கும் மீன் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, அவர் போதும் என்கிறவரை சாப்பிட்டேன்.